தின்ற கால் முளைக்குமா?

எங்கள் வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் நொட்டைராணி. எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிப்பேனாம். அது உண்மைதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அம்மாவுக்கு வெளிநாட்டுக் காட்டில் கேமரா கட்டும் வேலை. மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடுவார். விலங்கு குறுக்கே போனால் கேமரா தானாகவே படம் எடுக்கும். அந்தப் படங்களை வைத்து இன்று அம்மாவின் முதல் கண்காட்சி. நான்கு மணிக்குத் திறப்பு. இரண்டு மணிக்கே நான் அங்கே ஆஜர்.

நடுச்சுவரில் ஆறு படங்கள். எல்லாவற்றிலும் செத்துக் கிடப்பது காது கிழிந்த ஒரே வரிக்குதிரைதான். முதல் மூன்றில் மரத்தடியில் சிங்கம் தின்கிறது. மூலையில் 'காலை 10' என்று இருந்தது. அடுத்த மூன்றில் குளக்கரையில் கழுதைப்புலிக் கூட்டம், 'மாலை 6'. மேலே பலகையில் பெயின்டர் மாமா, 'சிங்கத்தின் இரையைத் திருடிய கழுதைப்புலிகள்' என்று எழுதி முடித்திருந்தார்.

சிங்கத்தின் படங்களில் வரிக்குதிரைக்கு ஒரு பின்னங்கால் இல்லை. கழுதைப்புலிப் படங்களில் நான்கு காலும் இருந்தன.

"அம்மா, தின்ன கால் திரும்ப முளைக்குமா?"

"ஆரம்பிச்சிட்டியா? வேலை தலைக்கு மேல கிடக்கு."

"முளைக்குமா, முளைக்காதா?"

"முளைக்காது."

"அப்ப இந்தக் கால் எங்கேருந்து வந்துச்சு?"

அம்மா குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"குளக்கரை கேமராவுக்கு பேட்டரி மாத்தினப்ப, கடிகாரத்தைக் காலைன்னு வைக்காம மாலைன்னு வச்சிட்டேன்டி. விடியற வெளிச்சமும் சாயங்கால வெளிச்சமும் ஒரே மாதிரி இருந்துச்சா, எனக்குத் தெரியவே இல்ல."

அப்படியென்றால் விடிகாலையிலேயே இரை கழுதைப்புலிகளிடம் இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கி மரத்தடிக்கு இழுத்துப் போனது சிங்கம். திருட்டுப் பட்டம் மட்டும் கழுதைப்புலிக்கு.

"பெரிய அதிகாரி வேற வர்றார். மானம் போச்சு" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

"இவ்வளவு நீளமா மறுபடி எழுத நேரமில்லம்மா" என்றார் பெயின்டர் மாமா.

"நீளமா வேணாம் மாமா. 'இரை யாருடையது?'ன்னு எழுதுங்க. கீழ சின்னதா, 'ஒரு கேமராவின் கடிகாரம் தப்பு'ன்னு போடுங்க. படம் இப்படியே இருக்கட்டும். வர்றவங்க கண்டுபிடிக்கட்டும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து, பலகையைத் துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு அதிகாரி வந்தார். பலகையைப் படித்ததும், "இதுல என்ன சந்தேகம்? சிங்கத்தோடதுதான்" என்றார்.

"வரிக்குதிரையோட காலை எண்ணிப் பாருங்க ஐயா" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"அட, கொள்ளைக்காரர் காட்டு ராஜாதானா?" என்று சிரித்துவிட்டார். "யாரு கண்டுபிடிச்சது?"

"கடிகாரத்தைத் தப்பா வச்சது நான். கண்டுபிடிச்சது எங்க வீட்டு நொட்டைராணி" என்று அம்மா என் தோளில் கை போட்டார்.

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னதற்கு நான் கோபித்துக்கொள்ளவே இல்லை.