வலக்கன்னம்

மூன்றாவது வளைவு தாண்டியதும் ஒரு பேருந்து நிறுத்தம் வரும். அங்கே இலக்கியா உட்கார்ந்திருப்பாள். கார் அந்த இடத்தைக் கடக்க இமைக்கும் நேரம்தான் ஆகும். காதுக்குப் பின்னால் ஒதுக்கிய முடி, கல் தோடு, வலக்கன்னத்து அம்மைத் தழும்பு எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். மற்றவர்கள் பஸ் வரும் திசையைப் பார்த்து நிற்பார்கள். அவள் மட்டும் பாதை போகும் திசையைப் பார்த்தபடி இருப்பாள். அப்புறம் பாறையும் பள்ளமும்தான். சிபி பந்தயத்தைப் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

அந்தக் கார்ப்பந்தய ஆட்டத்தை எழுதியவர்களுக்கு அவளைத் தெரியாது. அவளை அங்கே உட்கார வைத்தது நினைவிரவல் என்ற வசதி. ஆட்டப்பெட்டியில் படம் வரையும் சில்லு மிகச் சிறியது. ஒரு மலையை இலை இலையாக வரைய அதனால் ஆகாது. முடியாமல் போகும் இடத்தில் நெற்றிப்பட்டை வழியாக ஆடுகிறவனின் மூளையைத் தட்டி, ஒரு புளியமரம் இருக்கிறதா, ஒரு டீக்கடை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் அதே ஆட்டம் சேலத்துக்காரனுக்குச் சேலமாகவும் நாகர்கோவில்காரனுக்கு நாகர்கோவிலாகவும் ஓடியது. குப்பைக்குப் போகவேண்டிய பழைய பெட்டிகள்கூடப் பட்டை மாட்டியதும் உயிர் பெற்றுவிட்டன.

சாலையோரக் கூட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது சிபியின் மூளை இலக்கியாவைக் கொடுத்தது. காய்ச்சல் என்று போன வைகாசியில் ஆஸ்பத்திரிக்குப் போன அவன் மனைவி. திரும்பி வரவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். காரை நிறுத்தி இறங்கி அவள் முகத்தை நேராகப் பார்க்க வேண்டும். வீட்டில் போட்டோக்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அவள் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். தன்னைப் பார்த்துச் சிரித்ததைத்தான் அவன் தேடினான்.

ஆட்டம் விடவில்லை. கார் நின்றால் சுற்றியிருப்பதை எல்லாம் நுணுக்கமாக வரைய வேண்டும். அவ்வளவு இரவல் வாங்கினால் மூளை தாங்காது என்று நிறுவனம் ஒரு வரம்பு வைத்திருந்தது. பிரேக்கை அழுத்தினால் திரை கறுத்துப்போகும்.

ரெஜினா அவனோடு கல்லூரியில் மின்னணுவியல் படித்தவள். காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டு, ஆட்டப்பெட்டிகளை வரம்பு மீறி ஓட வைத்துக்கொடுத்தாள். இலக்கியாவின் சாவுக்கும் வந்திருந்தாள். யாரைப் பார்க்க என்று அவள் கேட்கவில்லை. வரம்புப் பூட்டைக் கழற்றினாள். சூடு தணிய, சில்லின் மேல் தண்ணீர்க் குழாயை வளைத்து ஒட்டினாள்.

"தலை வலிக்கும். மூக்குல ரத்தம் வரும். வந்தா உடனே கழட்டிடணும். காலேஜ்ல பண்ண வீம்பெல்லாம் இதுல வேண்டாம்டா."

சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது வளைவு தாண்டிப் பிரேக்கை அழுத்தினான். கார் நின்றது. திரை கறுக்கவில்லை. இறங்கினான். வெயில் சுட்டது. பெஞ்சுக் காலில் எறும்புகள் ஊர்ந்தன. அவள் துப்பட்டாவில் வெளுத்துப்போன மஞ்சள்கறைகூட அப்படியே இருந்தது.

சுற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றான். வலக்கன்னம்தான் தெரிந்தது.

அவள் திரும்பியதாகத் தெரியவில்லை. இடப்பக்கம் போனான். அங்கேயும் அதே தோடு, அதே தழும்பு. பின்னால் போனான். வலக்கன்னம். பெஞ்சைச் சுற்றி ஓடினான். மேசைமேல் பெட்டி இரைந்தது. உதட்டில் உப்புக் கரித்ததும் பட்டையைப் பிடுங்கி எறிந்தான்.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான். வேலை சரியில்லை, இரவலை இன்னும் கூட்டு, ரத்தம் வந்தால் வரட்டும் என்று சத்தம் போட்டான். ரெஜினா பெட்டியைத் தன் திரையோடு இணைத்து, அது நேற்று கேட்ட இரவல்களை ஓடவிட்டாள். இலக்கியாவின் முகத்தை முன்பக்கத்திலிருந்து கொடு என்று பெட்டி விடாமல் கேட்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் காலியாகத் திரும்பியிருந்தது.

"பெட்டியில கோளாறு இல்லடா. எடுக்கறதுக்கு உன் தலையில இருந்தாத்தானே எடுக்கும்."

நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், நேராகப் பார்த்ததே இல்லையா என்று கேட்டான்.

"பாத்திருப்ப. ஆனா மூளை தினமும் பாக்கறதைத்தான் வச்சுக்குது." அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "உனக்கு மட்டும் இல்ல. ஒருத்தரு அம்மாவோட முதுகுதான் வருதுன்னு சண்டைக்கு வந்தாரு. இன்னொருத்தருக்குப் பையன் தூங்கிட்டே இருக்கான், எழுப்ப முடியல. மேனேஜர் மூஞ்சி மட்டும் எல்லாருக்கும் பளிச்சுனு வருது."

அவன் சிரிக்கவில்லை. வீட்டில் இருவரும் எங்கே உட்காருவீர்கள் என்று அவள் கேட்டாள்.

சோபாவில். வலது ஓரம் அவன், இடது ஓரம் அவள், எதிரே திரை. ஆபீஸ் விட்டு வந்ததும் ஆடத் தொடங்குவான். அவளுக்கு ஆட்டம் பிடிக்காது. ஆனாலும் வந்து உட்காருவாள். அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். ஆரஞ்சை உரித்துச் சுளையை அவன் வாயில் வைப்பாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் வாயைத் திறப்பான். இதைச் சொல்லி முடிக்கும்போதுதான் சிபிக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது கேட்டது.

ரெஜினா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"வேணும்னா போட்டோ எல்லாத்தையும் ஏத்தித் தர்றேன். நேராத் திரும்புவா."

"யாரு?" என்றான்.

அவள் பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பட்டையை மாட்டினான். வளைவைத் தாண்டிக் காரை நிறுத்தினான். இந்தத் தடவை பெஞ்சைச் சுற்றவில்லை. அவளுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்து, அவள் பார்க்கும் திசையைப் பார்த்தான். பெட்டியின் இரைச்சல் தணிந்தது. பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. மூச்சு, தோள், பவுடர் வாசனை எல்லாம் முழுதாக இருந்தன. வீட்டு ஓனர் வாடகை கேட்டு வந்த கதையை அவள் சொன்னாள். எதிர்வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கு ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. காது எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தது.

"சிபி, இங்க பாரேன்."

உடனே திரும்பினான். அவள் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் இவ்வளவு வேகமாகத் திரும்பியதில்லை. பெட்டி மறுபடி இரைந்தது. அவன் தலைக்குள் எங்கெங்கோ தட்டிப் பார்த்தது. தழும்பும் தோடும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ ஆடு."