கடைசி வரிசைக்குக் கேக்குதா?

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவள் அரங்கத்து வாசலில் கிடந்த ஒயரைப் பார்க்கவில்லை. கால் தட்டியது... செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது.

"யாருங்க கரண்டைப் பிடுங்கினது?"

"நான்தான்! நடக்குற பாதையில ஒயரைப் போட்டுட்டு கேள்வி வேறயா?"

"ஒயர் சும்மாதாங்க கிடந்துச்சு. நீங்கதான் பறந்து வந்தீங்க."

மைக்செட்காரன். தாடி வைத்திருந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழை விட்ட பிறகும் இலையில் ஈரம் நிற்குமே, அப்படி. இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று குழம்பினாள்.

குழப்பம் அவளுக்கு இப்போது புதிதில்லை. ஊருக்குப் பல் டாக்டர் என்றாலும் கூடப் படித்தவர்களுக்கு அவள் இன்றும் வகுப்பு லீடர்தான். நாளைக்குப் பழைய மாணவர் சந்திப்பு. போன சந்திப்பு எப்படியிருந்தது என்று எல்லோரிடமும் கருத்துக் கேட்டாளே... சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்!

"சத்தம் காதைக் கிழிச்சதுன்னு பாதிப் பேர், பாட்டே பத்தலைன்னு மீதிப் பேர். யாரும் மேடையில பேசக்கூடாதுன்னு சொன்னவரே தனக்கு மட்டும் பத்து நிமிஷம் வேணுங்கிறார். நான் என்னதாங்க பண்றது?" என்று அவனிடமே புலம்பினாள்.

அவன் சிரித்துவிட்டான். ஓரத்தில் ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது. முகம் மறப்பாளே தவிர, பல்லை மறக்க மாட்டாள். இந்தப் பல்... ஐயோ, யாருடையது?

"எல்லாரும் ஒத்துமையா கேட்டது பட்டப்பேர் பேட்ஜ் மட்டும்தான்" என்றாள், பையிலிருந்து சிதறிய பேட்ஜ்களைப் பொறுக்கியபடி. "போன தடவை நானே வாசல்ல நின்னு குத்திவிட்டேன். செம ஹிட்டு!"

குனிந்து உதவிக்கொண்டிருந்தவனின் சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த பேட்ஜை அவள் உள்ளங்கையில் வைத்தான். 'ஊமை' என்றிருந்தது.

"மறுபடியுமா, லீடர்?"

திக்குவாய் என்பதால் வகுப்பில் வாயே திறக்காத பையன்! இப்போது எவ்வளவு சரளமாகப் பேசுகிறான்! போன சந்திப்பில் வாசலில் நின்று இதே விரல்களால்தான் அவன் சட்டையில் குத்தினாள். அவன் ஒரு பார்வை பார்த்தான். சாப்பாட்டு நேரத்தில் தேடினால் ஆளைக் காணோம். அந்தப் பார்வை மட்டும் இத்தனை வருடமாக அவளைவிட்டுப் போகவில்லை. ஏனென்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

"விளையாட்டுக்குத்தானே... எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சே!" வீம்பு முந்திக்கொண்டது.

"சாப்பிட்டுப் போனவங்களைக் கேட்டிருப்ப. வாசல்லயே திரும்பிப் போனவனைக் கேட்டியா?" அவன் ஒயரைச் சுருட்டினான். "ஒருத்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டு வந்தேன். அந்த பேட்ஜைக் குத்தினதும் பேச்சே வரல. விடு... நாளைக்கு வேற ஆளை அனுப்புறேன். நான் வரமாட்டேன்."

ஒருத்தியா? யார் அவள்? தனக்கு எதற்கு வயிற்றெரிச்சல்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மைக்ல பேசுங்க, மேடம். சத்தம் சரியா வருதான்னு பாக்கணும்" என்று அவன் கடைசி வரிசைக்கு நடந்தான். 'மேடம்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மேடையேறினாள். "ஒன்... டூ..."

"எண்ணினா குரல் தெரியாது. ஏதாவது பேசுங்க."

காலி நாற்காலிகளைப் பார்த்தாள். மைக்கை அருகில் இழுத்தாள்.

"தப்பு என் மேலதான். அது விளையாட்டில்ல. மன்னிச்சிடு... கடைசி வரிசைக்குக் கேக்குதா?"

"...கேக்குது."

"நாளைக்குப் பேட்ஜ் கிடையாது."

"எல்லாரும் கேட்டாங்களே?"

"கேக்கட்டும்! திட்டினா திட்டிட்டுப் போகட்டும். நீ வரணும். மைக் பிடிக்க இல்ல... எங்களோட உக்காந்து சாப்பிட. ஏன்னு கேக்காத, எனக்கே புரியல. அன்னிக்கு நீ போனதுலேருந்து கூட்டம்னு எங்க போனாலும் உன்னைத்தான் தேடுறேன். நாளைக்கும் நீ வரலைன்னா நான் அழுதுடுவேன். அது மட்டும் நல்லாத் தெரியும்."

அவன் நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல முன்னால் வந்தான்.

"அந்த ஒருத்தி யாரு?" மைக்கை விலக்கிவிட்டுக் கேட்டாள்.

"நீ... நீ..."

வார்த்தை தொண்டையில் சிக்கியது. அவன் முகம் சிவந்தது. எல்லோர் வாக்கியத்தையும் தானே முடித்துவைக்கும் லீடர், அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குறுக்கே பேசாமல் காத்திருந்தாள்.

"...நீதான்."