ஆணி இல்லாத கப்பல்

போன் அலறியது.

அவள் கண்ணாடி முன் நின்று அன்றைய கப்பல் பயணிகளுக்கான பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். 'வணக்கம்! பழைய வணிகத் துறைமுகங்களைக் கடல் வழியாகவே பார்க்கப் போகிறோம். மிளகும் துணியும் போன அதே பாதை. அதே மாதிரிக் கப்பல். பலகைகளைக் கயிற்றால் தைத்தது. ஒரு ஆணிகூடக் கிடையாது!'

எடுத்தாள்.

அண்ணன்.

"குட்டி... உடனே துறைமுகத்துக்கு வா. மாப்பிள்ளை..."

"அவருக்கு என்ன?"

அண்ணன் அழுதான்.

அவன் அழுது அவள் கேட்டதே இல்லை. அம்மா செத்தபோதுகூட!

துறைமேடையில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். அதன்மேல் அவள் கணவன். அண்ணனுடைய சுற்றுலாக் கப்பலின் மாலுமி. பின்மண்டை பிளந்திருந்தது. நீலச் சட்டையின் இடது கை தோளிலிருந்து முழங்கைவரை கிழிந்து தொங்கியது.

அவள் கிழிசலைப் பார்த்தாள். கிழிசலை மட்டுமே பார்த்தாள். முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் பெண். பல்வலி. வாயில் கிராம்பு.

"யாரு பார்த்தது?"

"நான்தான் மேடம்!" அண்ணன் மூக்கை உறிஞ்சினான். "விடிஞ்சதும் கப்பலைப் பார்க்க வந்தேன். ராத்திரி அவர் இங்கயேதான் படுத்திருந்தார். கப்பல் ஓரமா குனிஞ்சு எதையோ பார்த்துட்டிருந்தார். நிமிர்றப்போ சட்டைக்கை ஆணியில மாட்டிக்கிச்சு. வெடுக்குன்னு இழுத்தார். கிழிஞ்சுது... தடுமாறி, மேடைக் கல்லுல மண்டை மோதி, தண்ணிக்குள்ள..."

"கண்ணால பார்த்தீங்களா?"

"இதோ, இந்த ரெண்டு கண்ணால!"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அப்பா ஓடிப்போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் ஒரு பக்கம். தார்ப்பாயில் கிடப்பவன் ஒரு பக்கம். பேசினால் இருவருமே இல்லை. வாய் மூடினால் ஒருவனாவது மிஞ்சுவான்...

டிக்கெட் கவுன்டர் அருகே பயணிகள் சேர ஆரம்பித்திருந்தார்கள். ஆரஞ்சுத் தொப்பி போட்ட சின்னப் பெண் ஒருத்தி கப்பலைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

வாயை மூட முடியவில்லை.

"அண்ணே... எந்த ஆணி?"

"என்னது?"

"நம்ம கப்பல்ல ஆணியே கிடையாதே! தினம் நான்தானே சொல்றேன்? நீதானே சொல்லிக் குடுத்தே?"

இன்ஸ்பெக்டர் கிராம்பு கடிப்பதை நிறுத்தினாள். கவுன்டருக்கு மேலிருந்த பெரிய போர்டை நிதானமாகப் படித்தாள்.

"'ஒரு ஆணிகூட இல்லாத கப்பல்!' அடடா... அப்போ சட்டையைக் கிழிச்சது யாரு சார்? காக்காயா?"

"அது... மேடம்..."

"கைகலப்புல நீங்க கிழிச்சீங்களா? பிடிச்சுத் தள்ளினீங்களா?"

"ஐயோ! கொலைகாரன்னு மட்டும் சொல்லிடாதீங்க! ஆணி இருக்கு! வாங்க, காட்டறேன்!"

கப்பலில் ஏறினார்கள். அண்ணன் ஓரப் பலகையருகே மண்டியிட்டான். பாக்கெட்டிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தான். பலகையின் மூட்டில் இறுகச் சுற்றியிருந்த கயிற்றை அறுக்க ஆரம்பித்தான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று...

'இருக்கக் கூடாது... இருக்கவே கூடாது...' அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

கயிறு விழுந்தது.

துருவேறிய ஆணித்தலை பல்லைக் காட்டியது!

"போதுமா?" அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "தைக்கிறதுன்னா மாசக்கணக்கா ஆகும். ஆணி அடிச்சு மேல கயித்தைச் சுத்திட்டேன். ஏமாத்தினேன். அதுக்குக் கேஸ் போடுங்க, ஒத்துக்கறேன். ஆனா இது விபத்து!"

இன்ஸ்பெக்டர் குனிந்து ஆணியைப் பார்த்தாள். அறுந்து கிடந்த கயிற்றைப் பார்த்தாள்.

"ஒரு சின்னச் சந்தேகம் சார். கயித்தை அறுத்த பிறகுதான் ஆணி நம்ம கண்ணுக்கே தெரியுது. அவர் சட்டைக்கு மட்டும் எப்படி முன்னாலயே தெரிஞ்சுது?"

அண்ணனின் கத்தி பலகையில் விழுந்தது.

"இது இல்ல... வேற ஆணி..."

"எது? எல்லா மூட்டுலயும் கயிறு அப்படியே இருக்கு!"

"அந்தச் சட்டை இங்க கிழியவே இல்ல மேடம்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நேத்துக் காலைல எங்க வீட்டு கேட் கொண்டியில மாட்டிக் கிழிஞ்சுது. துண்டுத் துணி இன்னும் அங்கேயே தொங்குது. சாயங்காலம் தைச்சுத் தரேன்னு சொன்னேன்... அவர் வீட்டுக்கு வராமயே இங்க தங்கிட்டார்."

கான்ஸ்டபிள் பைக்கில் பறந்தார். திரும்பியபோது அவர் கையில் நீலத் துணித்துண்டு. கிழிசலில் கச்சிதமாகப் பொருந்தியது!

"இதை ஏம்மா முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா உடனே கதையை மாத்தியிருப்பான். ஈரப் பலகையில வழுக்கிட்டார்னு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்துச் சாயங்காலம் அவர் போன் பண்ணார். 'கயித்துக்குள்ளேர்ந்து துரு வடியுது. உள்ள ஆணி. பலகை ஆடுது. கடல்ல போனா பிரிஞ்சிடும். காலைல மச்சான்கிட்ட பேசறேன், யாரையும் ஏத்தக் கூடாது'ன்னார். நான் சிரிச்சேன். எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டான்னேன்..."

அண்ணன் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"பயணத்தை நிறுத்தச் சொன்னான் குட்டி... கோவத்துல தள்ளிட்டேன். சாவான்னு நினைக்கல. கிழிசலைப் பார்த்ததும் வாயில ஆணின்னு வந்துடுச்சு..."

மனசில் இருப்பதுதானே வாயில் வரும்!

"உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தேனே... நீயா என்னைக் காட்டிக் குடுக்கறே?"

"ஆமாண்ணே. அவ்வளவு பக்கத்துலேர்ந்து பார்த்து வளர்ந்தேன். அதனாலதான் நீ பொய் சொல்றப்போ எனக்குத் தெரியுது."

இறங்கினாள். முதலில் தார்ப்பாயருகே போய் அந்த முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள்.

"வணக்கம். இன்றைக்குப் பயணம் கிடையாது." குரல் உடைந்தது. "இந்தக் கப்பலில்... ஆணி இருக்கிறது."

ஆரஞ்சுத் தொப்பி ஏமாற்றத்தோடு காலை உதைத்துக்கொண்டு திரும்பி நடந்தது. உயிரோடு.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். ஜீப் படியில் கால் வைத்த அண்ணன் கப்பலைத் திரும்பிப் பார்த்தான்.

"எவ்வளவு செலவு பண்ணேன் மேடம் இதுக்கு! கயிறு, ஆணி..."

இன்ஸ்பெக்டர் புதுக் கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஆணியோட நிறுத்திக்கங்க சார்... இனிமே கயித்துச் செலவை அரசாங்கம் பார்த்துக்கும்!"