துரு தின்னாத கால்

மரக்காணம் கடலோரத்தில் சகாதேவனின் உடல் ஒதுங்கியிருந்தது.

உப்பு கம்பெனி வாட்ச்மேன். உப்பளத்துக்குக் கடல்நீர் இழுக்கும் பம்ப் மேடை, இரும்புக் கால் ஒன்று முறிந்து, விடியலில் அவனோடு சரிந்திருந்தது.

"தண்ணிக்கடியில துரு தின்னுட்டிருக்குது," என்றார் மேனேஜர் அறிவழகன்.

சிவசங்கரி முறிந்த காலைத் திரும்பிப் பார்த்தாள்.

போன வாரம் அந்தக் காலைச் சோதித்த டெக்னீஷியன் அவள்தான். துத்தநாகக் கட்டி ஒன்றைக் கடலில் தொங்கவிட்டாள். மீட்டரின் ஒரு வயரை அதிலும், மறு வயரை இரும்பிலும் மாட்டினாள். 230 மில்லிவோல்ட். துருப்பிடிக்கும் இரும்பு என்றால் நானூறை எட்டும். 'பத்திரம்' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டியில் சேறு படிந்து அளவு தப்பிவிட்டதோ...? துடைத்தேனா...?

நினைவில்லை.

சகாதேவனின் மனைவி தெய்வநாயகி மணலில் உட்கார்ந்திருந்தாள். சிவசங்கரி அவள் முன் மண்டியிட்டாள்.

"என்னாலதாங்க்கா... நான் தப்பா அளந்துட்டேன்."

தெய்வநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவசங்கரி எஸ்.ஐ. தட்சணாமூர்த்தியிடம் போனாள். "சார், இன்னொரு தடவ அளக்கணும்."

"அளந்துட்டு?"

"தப்புன்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். பழைய கட்டியோடு புதுக் கட்டி ஒன்றையும் தொங்கவிட்டு ஒப்பிட்டாள். வித்தியாசமே இல்லை. பழையது பொய் சொல்லவில்லை.

முறிந்து நின்ற அடிக்காலில் வயரை மாட்டினாள்.

அதே 230.

தண்ணீருக்குள் கைவிட்டு முறிந்த விளிம்பைத் தடவினாள். துரு என்றால் சொரசொரவென்று உதிரும். இது... பாதிவரை நேர்கோடாக, கூராக விரலைக் கிழித்தது.

"சார்... துரு இல்ல. யாரோ அறுத்திருக்காங்க."

எஸ்.ஐ. மேனேஜர் பக்கம் திரும்பினார். "துருன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"சும்மா... ஒரு யூகம்..." மேனேஜருக்கு வியர்த்தது.

"அவர விடுங்க."

தெய்வநாயகி எழுந்து நின்றாள்.

"அறுத்தது எங்க வீட்டுக்காரருங்க. இந்த பம்ப்புல மாட்டி என் தம்பி கை போச்சு. குடிச்சிருந்தான்னு சொல்லி நஷ்டஈடு இல்லேன்னுட்டாரு இந்த மேனேஜர். இன்னிக்கு இவரு மேடையேறிப் பாக்குற நாளு. பாதி அறுத்து வெச்சாப் போதும், இவரு ஏறுறப்ப சரிஞ்சிடும்னு போனாரு எங்க வீட்டுக்காரரு... அலை முந்திக்கிச்சு. எனக்குத் தெரியுங்க. நான் தடுக்கல."

சிவசங்கரியைப் பார்த்தாள். குரல் உடைந்தது.

"நீ அழுதப்பக்கூட வாயத் தொறக்கலியேம்மா நான்..."

சிவசங்கரி அவளைத் தாங்கிக்கொண்டாள்.

எஸ்.ஐ. மேனேஜருக்கு ஜீப் கதவைத் திறந்தார்.

"செத்திருக்க வேண்டியவர்கிட்டயே ஸ்டேட்மென்ட் வாங்கறது எனக்கு இதான் ஃபர்ஸ்ட் டைம். ஏறுங்க சார்... அந்தக் கை கேஸ்ல இருந்தே ஆரம்பிப்போம்."