எதிர்க்கரையில் நனைந்தவன்

“நீங்க காப்பியடிச்சிருக்கீங்க.”

அவள் கையில் பென்சில் அப்படியே நின்றது. கண்காட்சியின் முதல் நாள். அவள் வரைந்த நீர்நாய் ஓவியத்தின் அச்சுப் பிரதிகள் சுவரிலும் மேசையிலுமாக இருந்தன. நூறு பிரதிகள்தான். அதற்குமேல் அச்சடிப்பதில்லை என்பது வாங்குகிறவர்களுக்குத் தரும் வாக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் எத்தனையாவது பிரதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

எதிரே நின்றவனுக்கு மழையில் நனைந்த தலைமுடி. நேராகப் பார்க்கிற, கொஞ்சம் களைத்த கண்கள்... இந்தக் கண்ணுக்கு இப்படி ஒரு வாயா என்று நினைத்தாள்.

“யாரோடதை?”

“என்னோடதை. நான் போட்டோகிராபர். கிழிஞ்ச காது, வாயில மீன், அதே பாறை... போன மாசம் பத்திரிகையில வந்த என் படம். இடம் வலமா மாத்திப் போட்டா தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

“நான் நேர்ல பார்த்து வரைஞ்சேன்.”

“அன்னிக்குக் கொட்டற மழை. ஆத்தங்கரையில என்னைத் தவிர ஈ காக்கா இல்ல.”

பதில் சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். கொட்டுகிற மழை... ஆற்றங்கரை... அவனா இவன்?

அந்தக் கூடத்தை நடத்துகிற அவளுடைய அக்கா அதற்குள் வந்துவிட்டாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“இங்க பாரு, காப்பின்னு ஒரு பேச்சு கிளம்பிட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. ஆதாரம் இருந்தா காட்டு. இல்லன்னா எல்லாத்தையும் இறக்கிடுவேன். தங்கச்சின்னெல்லாம் பார்க்க முடியாது.”

ஆதாரம் இருந்தது. உள்ளறையில், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த எண்ணெய் வண்ணத்தில் வரைந்த அசல் ஓவியம். அதைக் காட்டினால் மனசு அம்பலமாகும். காட்டாவிட்டால் இத்தனை வருட உழைப்புக்குத் திருட்டுப் பட்டம்.

“இருக்கு... ஆனா காட்ட மாட்டேன்.”

“சரியான வீம்பு,” என்ற அக்கா, முதல் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

அவனுக்கே என்னவோ போலிருந்தது. “இருந்தா காட்டுங்களேன். தப்பு என் மேலன்னா மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்,” என்றான், குரலைத் தணித்து.

அக்கா இரண்டாவது படத்தில் கை வைத்தாள். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்கத் தங்கையால் முடியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய் ஓவியத்தைத் தூக்கிவந்து நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

அதே பாறை, அதே நீர்நாய். பூச்சு தடிமனாக இருந்ததால் மழைக்கோடுகள் விரலால் தொடலாம் போலத் தெரிந்தன. ஆனால் எதிர்க்கரை நாணலுக்குள் சின்னதாக, மங்கலாக ஒரு மனிதன் இருந்தான். குடையைக் கேமராவுக்குப் பிடித்துவிட்டுத் தான் தொப்பலாக நனைகிறவன்.

அவன் குனிந்து பார்த்தான். “இது... நான்.”

“நீங்கதான்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“நேர் எதிர்ல, புதருக்குள்ள. கேமராவை விட்டுக் கண்ணை எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அக்கா கையிலிருந்த பிரதியையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுல இந்த ஆளைக் காணோமே?”

“அச்சகத்துல ஏதோ கறைன்னு நினைச்சு அழிச்சிட்டாங்க.”

“மாதிரிப் பிரதி வந்தப்ப நீ பார்க்கலையா?”

“பார்த்தேன்.”

“சொல்லித் திருத்தியிருக்கலாமே?”

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது அவளுக்கு.

“நூறு வீட்டுச் சுவர்ல இவரைத் தொங்கவிட எனக்கு மனசு வரலை.”

அக்கா நாற்காலியைத் தேடினாள். அதில் ஓவியம் இருந்ததால் நின்றபடியே இருந்தாள்.

“மன்னிச்சிடுங்க,” என்றான் அவன். “ஆனா... இதுல முகமே தெரியலையே. யாருன்னே தெரியாம எப்படி...?”

“நீங்க நனைஞ்சுக்கிட்டு கேமராவுக்குக் குடை பிடிச்சீங்களே, அப்பவே பிடிச்சுப்போச்சு. இன்னிக்கு வந்து இத்தனை திட்டினப்புறமும் குறையல. அதான் எனக்கே கோபம்.”

அவன் சிரிக்கவில்லை. படத்தில் இருந்தவனை இன்னொரு முறை பார்த்துவிட்டு, அவளைப் பார்த்தான். இந்த முறை பார்வையை எடுக்கவில்லை.

“நாளைக்கு மறுபடியும் அந்த ஆத்துக்குப் போறேன். கேமராவை வீட்டிலயே வச்சிட்டு... நீங்களும் வர்றீங்களா?”

“முதல்ல இந்தப் பிரதிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும்,” என்றபடி அக்கா கழற்றிய படத்தை ஆணியில் மாட்டினாள்.

“வர்றேன்,” என்றாள் அவள், அக்கா பக்கம் திரும்பாமலே.