குதிகால் ஊன்றாத வீடு

தரை உறுமியது.

சுடர்க்கொடி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். கையில் ஒரு கிண்ணம் தயிர்சாதம். வளைகாப்புக்கு வந்தவர்கள் உண்டு எழுந்த பிறகு அவளுக்கென்று எடுத்து வைத்தது. இந்த உறுமல் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும், மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

தூத்துக்குடிக் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில், முழுகாமல் இருப்பவள் வாழும் வீட்டுக்கெல்லாம் நிறைத்தரை உண்டு. ஓடுகளுக்கு அடியில் மெல்லிய தகடு. அவள் நின்றாலும் நடந்தாலும் எடை பார்க்கும். கோட்டுக்குள் இருந்தால் பேசாது. தாண்டினால், தொண்டைக்குள் நாய் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். தாய்க்கு எடை அதிகமானால் பிள்ளைக்கு ஆட்டிசச் சாயல் வரக்கூடும் என்று எப்போதோ ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. ஊர் வாயில் புழங்கப் புழங்க, வரக்கூடும் என்பது வரும் என்றாயிற்று. பிறகு தாயால் வந்தது என்றே ஆகிவிட்டது.

மூத்தவள் மாரிச்செல்விக்கு ஆறு வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகம் பார்க்க மாட்டாள், நுனிக்காலில்தான் நடப்பாள். மழை வாசம் வந்ததும் ஜன்னலைச் சாத்த முதலில் ஓடுவதும் அவள்தான். அவள் வயிற்றிலிருந்தபோதும் இப்படித்தான், வளைகாப்பன்று சாயங்காலம் தரை உறுமத் தொடங்கியது. சுடர்க்கொடி சோற்றைக் குறைத்தாள், ராத்திரிச் சாப்பாட்டையே விட்டாள், ஓசைப்படாமல் நடக்கப் பழகினாள். உறுமல் ஓயவில்லை. பிள்ளைக்குச் சாயல் இருப்பதாகக் குறி விழுந்த அன்று அவள் புருஷனின் அக்கா இசக்கியம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “தரை அன்னைக்கே சொல்லிச்சேட்டி.” அந்த ஒரு பேச்சு அதற்கப்புறம் வீட்டை விட்டுப் போகவே இல்லை. விளக்கணைத்தாலும் அங்கேதான் இருந்தது.

இப்போது இரண்டாவது. இதற்கும் குறி விழுந்தால் தாய் லாயக்கில்லை என்று இரண்டு பிள்ளைகளையும் பயிற்சி இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இசக்கியம்மாள் வந்து கிண்ணத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “வேண்டாம்ட்டி. இந்தப் புள்ளையையாவது காப்பாத்து.”

சுடர்க்கொடி அசையவில்லை. தரை உறுமிக்கொண்டே இருந்தது. மாரிச்செல்வி முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள். முழங்கை வரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

வலி எடுக்கும்முன் அதைக் கழற்றலாமா? இசக்கியம்மாள் பதறிப்போய்த் தடுக்க வந்தாள். பிள்ளை காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்பு ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை என்று ஜன்னல் கட்டையில் அடுக்கினாள். ஒரு கை முடிந்து மறு கையும் பாதியானபோது, சட்டென்று உறுமல் அறுந்தது.

சத்தம் நின்றதும் மீதி வளையல்களை அப்படியே விட்டுவிட்டு அவள் தன் பாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“மதினி, அன்னைக்கும் வளையலோடதான நின்னேன்?” என்றாள் சுடர்க்கொடி.

மங்கலமாகப் பூட்டிய வளையலை எடை என்று யார்தான் நினைப்பார்கள்? இசக்கியம்மாள் கிண்ணத்தைத் திரும்ப அவள் கையில் வைத்தாள். “தின்னு,” என்றாள்.

நிறைத்தரை நிறுவனத்துக்குச் சொல்லிப் பார்த்தார்கள். வளையலைக் கழித்துக்கொள்ளும் தரை வந்துவிட்டதாம். மூத்தவளுக்கு விழுந்த பழைய குறி மட்டும் மாறாதாம்.

வளையல் குறைந்த பிறகு தரை உறுமவில்லை. சுடர்க்கொடி வயிறாரச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். பொன்மாறன் பிறந்ததும் நிறுவனத்து ஆட்கள் வந்து தரையை அணைத்துவிட்டுப் போனார்கள். வயது ஒன்று தாண்டி ஒரு நாள் அவன் சுவரை விட்டு நடந்தான். நுனிக்காலில்.

சுடர்க்கொடியின் காதுக்குள் செத்துப்போன தரை மறுபடி உறுமியது.

இயல்பளப்பாளர் ஒரு காலையில் வந்தாள். பிள்ளைகளின் நடையையும் பார்வையையும் அளந்து குறி போடுகிறவள். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, அளவுப்பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே பொன்மாறனைப் பார்த்தாள். “குதிகாலை ஊன்றவே மாட்டேங்குறானே,” என்றாள்.

இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள். “எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தாம்மா நடப்போம். தரை அழுக்காயிரும்லா.”

வாய்க்கு வந்த ஒரு பொய். வந்த சிரிப்பை மறைக்கச் சுடர்க்கொடி தலை குனிந்தாள். கண் தன் பாதத்தில் விழுந்தது. அவள் குதிகால்கள் இரண்டும் தரையைத் தொடவில்லை. எப்போது தூக்கியதோ, உறுமலுக்குப் பயந்து தூக்கிய கால் இறங்கவே இல்லை. பிள்ளை பார்த்துப் பழகியது இந்தக் காலைத்தானா? அல்லது அவன் அக்காவைப் போலவே பிறந்தவனா?

தன் காலத்தில் நிறைத்தரைமேல் பிள்ளை சுமந்து வளர்த்த இசக்கியம்மாளின் குதிகாலும் மேலேதான் இருந்தது.

யாருடைய முகத்தையும் பார்க்காத மாரிச்செல்வி, வந்தவளின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தொண்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய சத்தத்தை எழுப்பினாள். அச்சு அசல் தரையின் உறுமல்.

இயல்பளப்பாளரின் குதிகால் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“உங்க வீட்டுலயும் இந்தத் தரை இருந்திச்சாம்மா?” என்று கேட்டாள் சுடர்க்கொடி.

“ரெண்டு பேறுகாலத்துக்கும்.”

வந்தவள் குதிகாலை இறக்கப் பார்த்தாள். தரை அணைந்துதான் கிடந்தது. இருந்தும் ஊன்ற முடியவில்லை. பலகையைக் குறி போடாமலே பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் படியிறங்கும் காலடிச் சத்தத்துக்காகச் சுடர்க்கொடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை. மேல்வீட்டில் ஆள் நடமாட்டம் உண்டு, கீழ்வீட்டிலும் உண்டு. அங்கிருந்தும் ஒரு காலடி கேட்கவில்லை. இத்தனை வருஷமாக இது அமைதியான கட்டடம் என்று அவள் நினைத்திருந்தாள்.