ஆளில்லாத ஏரி

காலை ஒன்பது மணி. நூலக மாடியில் புகைப்படச் சங்கத்தின் கண்காட்சி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம். சுவரில் சட்டம் தொங்கியது. உள்ளே படம் இல்லை.

"என் ஏரி போச்சே!" பேக்கரிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "அந்த ஒரு பிரதிதான். போன் அப்பவே மாவுல விழுந்து செத்துப்போச்சு."

ஏரியும் இப்போது இல்லை. அந்த இடத்தில் பேருந்து நிலையம்.

மருந்துக்கடைக்காரி சட்டத்தைக் கழற்றிப் பார்த்தாள். சங்கத்தில் இளையவள், அதிகம் பேசாதவள். நேற்று படங்களை மாட்டியது அவள்தான். பின்பக்க ஆணிகள் பழையபடி மடக்கப்பட்டிருந்தன. கண்ணாடிகூடத் துடைக்கப்பட்டிருந்தது.

"பூட்டு உடையல," என்றார் காவலாளி. "நேத்து பூட்டப் போறப்போ ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க. கேஷியர் ஹெல்மெட் எடுக்க, சார் மூக்குக்கண்ணாடி எடுக்க."

"கேஷியர்தான்! எனக்குப் பரிசு கிடைச்சிடும்னு வயித்தெரிச்சல்," என்று கத்தினார் பேக்கரிக்காரர்.

"யோவ், உன் பன்னு மேல சத்தியமா நான் எடுக்கல," என்றார் கேஷியர். "உன் படத்துல ஓரமா ஒரு அம்மா குடை புடிச்சு நிக்குது, முகம்கூடத் தெரியல. ஆள் இருந்தா போட்டியிலயே சேர்க்கக் கூடாதுன்னு விதியே இருக்கே!"

விதியை எழுதியவர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். எல்லோருக்கும் 'சார்'. மனைவி மறைந்தபிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டவர். ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"அப்போ அந்தப் படத்தை யாரு சேர்த்தது?" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"சார்தான்," என்றார் கேஷியர். "ஒரு மாட்டுக்காரன் முதுகு தெரிஞ்சதுக்கே என் படத்தைத் தள்ளினவரு!"

அவள் எதிர்ச்சுவருக்குப் போனாள். சார் பல வருடங்களாக எடுத்த ஏரிப் படங்கள். நாணல், கொக்கு, வெயில் காயும் வெட்டவெளிக் கரை, ஓரத்தில் உருண்டையாக ஒரு நிழல். எதிலும் ஆளில்லை.

ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சார், பரிசுக்காக எடுத்திருந்தா சட்டத்தோட தூக்கிட்டுப் போயிருப்பாங்க. இவ்வளவு பக்குவமா ஆணியை மடக்கியிருக்க மாட்டாங்க."

சார் தோளில் தொங்கிய பையை இறுக்கிப் பிடித்தார்.

"அந்தக் கரையில மரமே கிடையாது. ஆனா உங்க படம் எல்லாத்துலயும் இடது ஓரத்துல நிழல் இருக்கு. குடை நிழல். பேக்கரி அண்ணன் படத்துல நிக்கிறது உங்க வீட்டம்மாதானே?"

சார் பையைத் திறந்து, புத்தகத்துக்குள் கசங்காமல் வைத்திருந்த படத்தை எடுத்தார்.

"நான் எங்க படம் எடுக்கப் போனாலும் கூடவே வருவா. 'கொஞ்சம் தள்ளி நில்லு'ம்பேன். நிப்பா. இப்போ தேடினா, அந்தக் கரையில அவ இருக்கற படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல." பேக்கரிக்காரரை ஏறிட்டுப் பார்த்தார். "கேக்கத்தான் நெனச்சேன். வாய் வரல."

பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "கண்காட்சி முடிஞ்சதும் நீங்களே வச்சுக்கங்க சார். எனக்கு அதுல ஒரு பிரதி எடுத்துக் குடுத்தா போதும்."

அவள் படத்தைச் சட்டத்தில் பொருத்தினாள். பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. சாரின் ஏரிப் படம் ஒன்றுக்கு இடப்பக்கம், நிழல் விழுந்த ஓரத்தையொட்டி மாட்டினாள்.

"அப்போ விதி?" என்றார் கேஷியர்.

சார் காதில் வாங்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட மாட்டும்மா," என்றார்.